குதிரை வண்டி கணக்கில் வராது

நித்தியானந்தனை விமான நிலையத்தில் மறித்துத் திருப்பி அனுப்பிய செய்தி, அவன் பெட்டிகளோடு வீடு வந்து சேர முன்னரே சிட்னியின் டூங்கபிக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை, சிவகௌரி ஓட்டிய பஸ்ஸில் அதுவும் ஒரு பயணியைப் போல ஏறியது.

ஏற்றி வந்தவர் பாலேஸ்வரி அன்ரி. ரயில் நிலையத்துக்கு முன்னால் உள்ள தரிப்பில் ஏறியவர், பயணக் காசு கழிக்கும் ஓபல் கார்ட்டைத் தட்டாமல் கையில் பிடித்தபடியே நின்றார்.

"பஸ்ஸை நிப்பாட்டுற உனக்கு இப்ப பிளேனையும் நிப்பாட்டத் தெரியுது, என்ன பிள்ளை?"

கௌரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கார்ட்டைத் தட்டிப்போட்டு இருங்கோ அன்ரி. பின்னால ஆக்கள் நிக்கினம்."

"இருக்கத்தான் போறன். ஆனா கேட்டுக்கொள். பிள்ளைக் காசு கட்டேல்ல, நாட்டை விட்டு வெளிக்கிடேலாது எண்டு நித்தியை எயார்போட்டில மறிச்சுப்போட்டாங்களாம். அவ்வளவு சனத்துக்கு முன்னால. அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில அவன்ர தங்கச்சி பிரியதர்சினிக்குக் கலியாணம். தோழனா நிக்க இருக்கிறது அவன் ஒருத்தன். இப்ப உன்ர மனம் குளிர்ந்ததோ?"

யாழ்ப்பாணத்துக் கலியாணத்தில் பெண்ணின் சகோதரன்தான் தோழன். மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருபவன் அவன். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். அண்ணன் உயிரோடு இருக்க அந்த இடத்தில் வேறொருவன் நின்றால், ஊர் ஒரு தலைமுறைக்குக் கதைக்கும்.

கௌரி கதவை மூடினாள். இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தாள். பஸ் புறப்பட்டது. சுக்கானைப் பிடித்த கை ஆடவில்லை. அந்தக் கையைத்தான் அவள் வருடக் கணக்காகப் பழக்கி வைத்திருந்தாள்.

இன்றைக்கு அந்தப் பக்கத்துச் சனத்துக்கு "பஸ் கௌரி" என்றால்தான் அவளைத் தெரியும். கலியாணமாகி வந்த புதிதில் அவளுக்குத் தனியாக ஒரு பெயர் இருக்கவில்லை. "நித்தியின்ர வைஃப்" என்பார்கள். நித்தியானந்தன் எலக்ட்ரீசியன். கெல்லிவில்லில் இரண்டு மாடி வீடு, சொந்த வான், சொந்தப் பெயரில் லைசென்ஸ். கைத்திறன் உள்ளவன், வாய்த்திறன் அதைவிடக் கூட உள்ளவன். ஊர் வீடுகளுக்கெல்லாம் வெளிச்சம் பூட்டிக் கொடுத்தவன் தன் வீட்டுக்கு இருட்டைத்தான் கொண்டு வந்தான். அதை விரித்து எழுத எனக்கு மனமில்லை. மகள் மிருணாளினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் சூட்கேஸுமாக வெளியேறி, டூங்கபியில் ஒரு சின்ன யூனிட்டில் கௌரி குடியேறினாள் என்பது போதும்.

அப்போதுதான் அவள் அந்தப் பிழையை விட்டாள். எங்கள் சனம் மட்டுமே விடக்கூடிய பிழை.

பாலேஸ்வரி அன்ரியின் கணவர் சச்சிதானந்தன், ஊருக்கெல்லாம் சச்சி அண்ணை. அவர் வீட்டு ஹோலில் ரோல்ஸும் தேத்தண்ணியும் வைத்து ஒரு கூட்டம் நடந்தது. "கவுண்மேந்துக்குப் போனா குடும்ப மானம் போயிடும் தங்கச்சி," என்றார் சச்சி அண்ணை. "பிள்ளைக்கு வேண்டியதை அவன் மாதாமாதம் என்ர கையில தருவான். நான் உன்ர கையில தாறன். பிள்ளைக் காசு வாங்கித் தாற சைல்ட் சப்போர்ட் ஆக்களிட்ட, நாங்களே பார்த்துக்கொள்ளுறம் எண்டு சொல்லிப்போடு." கௌரி தலையாட்டினாள். சொல்லியும் விட்டாள்.

தொடக்கத்தில் வந்தது. பிறகு வரவில்லை. கேட்டால், "கொஞ்சம் பொறு, அவனுக்கு வேலை குறைவாம்," என்பார் அண்ணை. வேலை குறைந்தவனின் வீட்டு வாசலில் கடலில் ஓட்டி விளையாடும் ஜெட் ஸ்கீ ஒன்று புதிதாக வந்து நின்றது. காப்பாற்றிய குடும்ப மானம் யூனிட்டுக்கு வாடகை கட்டவில்லை. மிருணாவுக்குச் சப்பாத்தும் வாங்கித் தரவில்லை.

கந்தோர்களைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கௌரி, ஒருநாள் சிவப்பு லைட்டில் ஒரு பஸ்ஸின் பின்னால் தன் பழைய காரில் நின்றாள். பஸ்ஸின் முதுகில் ஒரு விளம்பரம்: ஓட்டுநர்கள் தேவை, பயிற்சி நாங்களே தருகிறோம். பச்சை விழுந்ததும் அவள் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அந்தச் சத்தத்தில்தான் தன் வாழ்க்கை புறப்பட்டது என்று அவள் பிறகு சொல்லிச் சிரிப்பாள்.

பஸ் லைசென்ஸுக்கான முதல் சோதனையில் திருப்பத்தில் பின்சில்லு நடைபாதை விளிம்பில் ஏறியது. பெயில். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், பிள்ளைக்குக் கேட்கக்கூடாதென்று. அடுத்த சோதனையில் பாஸ். லைசென்ஸ் கையில் கிடைத்த அன்று அதைச் சுவாமித் தட்டில் வைத்து, ஒரு செவ்வரத்தம்பூவும் வைத்தாள். மெல்பேர்னில் இருந்து வீடியோவில் வந்த தம்பி கஜீவன், "லைசென்ஸுக்குப் பூ வைச்சுக் கும்பிட்ட முதல் ஆள் நீதானக்கா," என்று சிரித்தான். "கும்பிடத்தான்ரா வேணும். இதுதான் இனி எனக்குச் சோறு," என்றாள் அவள்.

தன் காலில் நின்ற பிறகுதான் துணிவு வந்தது. அவளே சைல்ட் சப்போர்ட் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, இனி நீங்களே வாங்கித் தாருங்கள் என்றாள். அங்கே கணக்குத் தொடங்கியது. நித்தி பாதி வேலையைக் கையில் காசு வாங்கிச் செய்தான், வருமானத்தைக் குறைத்துக் காட்டினான், அதற்குள்ளும் கட்டாமல் விட்டான். நிலுவை புற்றுப் போல வளர்ந்தது.

அந்த நேரத்தில் மிருணா பெரியபிள்ளையானாள். இத்தனை காலமும் காணாமல் போயிருந்த தகப்பன் அன்றைக்கு வந்து நின்றான். "என்ர மகளின்ர சாமத்திய வீடு. சிட்னி பார்க்க வேணும்." பூப்பு விழாவுக்குப் பிளாக்ரவுணில் ஒரு பெரிய ஹோல். சுவர் அளவு எல்இடி திரை. வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டி. மேளச் சத்தத்தில் வெருண்ட குதிரை கார்ப் பார்க்கின் நடுவே ஆணி அடித்ததுபோல நின்றுவிட்டது. வண்டிக்குள் தங்கப் பொம்மை மாதிரி மிருணா வெயிலில் வேர்த்துக்கொண்டிருக்க, குதிரைக்காரன் அதன் காதில் எதையோ சொல்லிக் கெஞ்சினான். கௌரி ஒரு மூலையில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அந்த மாதம் மிருணாவைப் பள்ளிக்கூட முகாமுக்கு அனுப்புவதற்கு, கௌரி இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடுதல் ஷிஃப்ட் ஓடியிருந்தாள். அது எவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்தது குதிரை.

இப்போது விமான நிலையத்தில் மறிபட்டவன் அந்தக் குதிரையைத்தான் தேடிப் பிடித்தான்; அந்த விழாச் செலவைப் பிள்ளைக் காசில் கழிக்கச் சொல்லி அலுவலகத்தைக் கேட்டான்.

பஸ்ஸில் செய்தி கேட்ட அன்று மாலையே கஜீவன் போன் எடுத்தான். அவன் படகில் அகதியாக வந்தவன். மெல்பேர்ன் பக்கம் ட்ருகனினாவில் ஒரு வேர்ஹவுஸில் வேலை. இன்னமும் தற்காலிக விசாதான்.

"அக்கா, உந்தப் பயணத் தடை மட்டும் காணாது. அமெரிக்காவில எண்டா பிள்ளைக்குக் கட்டாதவன்ர தொழில் லைசென்ஸையே மறிச்சு வைப்பாங்களாம். இங்க அப்பிடிச் சட்டம் இல்லை. ஆனா எங்களுக்கு வழி இருக்கு. அத்தான் சனி ஞாயிறில வயரிங்குக்குப் பாதுகாப்புச் சேர்ட்டிபிகட் குடுக்காமல் செய்யிற வேலையெல்லாம் ஆருக்குத் தெரியாது? ஒரு முறைப்பாடு எழுது. லைசென்ஸ் போயிடும். பிறகு பார் ஆளை."

கௌரி அடுப்பைத் தணித்தாள். குசினியில் பருப்புக் கொதித்துக்கொண்டிருந்தது.

"கஜீ, நீ வந்த புதிசில உனக்கு வேலை செய்ய அனுமதி தரேல்ல. ஞாபகம் இருக்கோ?"

"அது எப்பிடி மறக்கிறது?"

"கை கால் நல்லா இருந்தும் சும்மா இருந்தாய். போன் எடுத்தா, 'அக்கா, நான் என்ர கையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன்' எண்டு சொல்லுவாய். அந்தச் சொல்லு இன்னும் என்ர காதில கிடக்கு. இன்னொருத்தன்ர கையைக் கட்ட நான் எழுத மாட்டன்."

"அவன் உனக்குச் செய்ததுக்கு…"

"அவருக்காக இல்லையடா. லைசென்ஸ் போனா உழைப்புப் போச்சு. உழைப்புப் போனா மிருணாவுக்கு எங்கால வாறது? போற இடத்தை மறிக்கட்டும். வேலைக்குப் போற வழியை மறிக்கக்கூடாது."

கஜீவன் பெருமூச்சு விட்டான். "நீ பஸ் ஓடாமல் கோட்டில நிண்டு வாதாடியிருக்க வேணும் அக்கா," என்றான்.

அந்தப் பக்கம் சமாளித்தாள். இந்தப் பக்கம்தான் சமாளிக்க முடியவில்லை. பள்ளிக்கூட விடுமுறை, மிருணா அறையை விட்டு வெளியே வரவில்லை. தகப்பன் போனில் அவளுக்குச் சொல்லியிருந்தான்: உன்ர அம்மா ஒரு சொல்லுச் சொன்னா நான் போகலாம். அவ சொல்ல மாட்டா.

சாப்பிடக் கூப்பிட்டபோது கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் மட்டும் வந்தது. "யூ ஜஸ்ட் வாண்ட் டு வின், அம்மா."

கௌரி தட்டை மேசையில் வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்தாள். உலகம் முழுதும் அவளைப் பழித்தால் தாங்குவாள். அந்த ஒரு குரல் பழித்தால் அவள் யாருக்காக இத்தனை காலம் விடியுமுன் எழும்பினாள்? மகள் போய்விடுவாளோ என்ற பயம் அன்றைக்குத்தான் அவளுக்குள் புகுந்தது.

வியாழக்கிழமை. பஸ்காரருக்குக் காலையில் ஒரு ஓட்டம், பின்னேரம் ஒரு ஓட்டம். நடுவில் வீட்டுக்கு வரலாம். அந்த இடைவெளியில் அலுவலகத்திலிருந்து போன் வரும் என்று நேரம் குறித்திருந்தார்கள். அது எப்படித்தான் தெரிந்ததோ, சச்சி அண்ணையும் பாலேஸ்வரி அன்ரியும் முன்கூட்டியே வந்து சோபாவில் இருந்தார்கள். பின்னால் நித்தியானந்தன். மெலிந்திருந்தான். யூனிபோமோடு நின்ற கௌரியை அவன் நேரே பார்க்கவில்லை.

"தங்கச்சி, விஷயம் சின்னன்," என்று தொடங்கினார் சச்சி அண்ணை. "தாயும் தகப்பனும் ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டா, நேர செய்த செலவையும் பிள்ளைச் செலவா எழுதலாமாம். சாமத்திய வீட்டுக்கு நித்தி கொட்டினது கொஞ்ச நஞ்சமே? அவங்கள் உன்னைக் கேப்பாங்கள், அது பிள்ளைச் செலவுக்கெண்டு ரெண்டு பேரும் பேசித்தான் செய்ததோ எண்டு. நீ ஓம் எண்டு சொல்லு. நிலுவை குறைஞ்சிடும், தடையை எடுத்துவிடுவாங்கள், அவன் போய்த் தோழனா நிப்பான். ஒரு 'ஓம்'. அவ்வளவுதான்."

"பேசித்தான் செய்தனாங்களோ அண்ணை?"

"இப்ப பேசுவம்," என்றார் அன்ரி. "எப்ப பேசினா என்ன?"

மிருணாவின் அறைக் கதவு திறந்தது. அவள் வந்து சுவரோடு சாய்ந்து நின்றாள். தகப்பனைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள்.

கௌரி மெதுவாகக் கேட்டாள். "அண்ணை, அண்டைக்கு வந்த சனம் எல்லாம் காசு என்வலப் போட்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கின பெட்டி. அதை ஆரின்ர காரில ஏத்தினது?"

சச்சி அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார். கோப்பை வெறுமையாக இருந்தது. ஆனாலும் குடித்தார். பெட்டியை நித்தியின் காரில் ஏற்றியவர்களில் அவரும் ஒருவர்.

"ஹோல் காசு அதிலயே வந்திட்டுது," என்றாள் கௌரி. "ஊர்ச் சனம் கட்டின செலவை, இவர் மிருணாவுக்குச் சோறு போட்டதா நான் சொல்ல வேணுமோ?"

நித்தியின் முகம் கறுத்தது. அவன் வாய் திறக்க முன் போன் அடித்தது.

கௌரி அதை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டாள். மறுபக்கத்தில் மரியாதையான ஒரு பெண் குரல். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றாள் கௌரி. பிறகு அந்தக் கேள்வி வந்தது: அந்த விழாவுக்கு அவர் செய்த செலவு, மகளைப் பராமரிக்கத் தரவேண்டியதற்குப் பதிலாக என்று நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுத்ததா?

சோபா ஒருமுறை கிரீச்சிட்டது. அன்ரி கையைக் கூப்பியபடி முன்னால் சரிந்திருந்தார்.

கௌரி மகளைப் பார்த்தாள். ஒரு "ஓம்" சொன்னால் இந்தக் கண்ணில் இருக்கும் கோபம் கரையும். இந்தப் பிள்ளை ஓடி வந்து கட்டிப்பிடிக்கும். ஒரு பொய், எத்தனை பேர் எத்தனை பொய் சொல்லி வாழ்கிறார்கள். ஆனால் அந்தப் பொய்யின்படி, இத்தனை வருடம் தான் போட்ட சோறும் கட்டிய வாடகையும் எங்கே போகும்? நாளைக்கு ஒருத்தன் இவளுக்கும் குதிரையைக் காட்டி, இதுதான் உனக்கும் உன் பிள்ளைக்கும் நான் செய்தது என்று சொன்னால், அப்போது இவள் யாரை நினைத்து "இல்லை" என்று சொல்வாள்?

"நோ," என்றாள் கௌரி. பஸ்ஸில் பயணிகளுக்குச் சொல்வதைப் போலத் தெளிவாக இன்னொருமுறை சொன்னாள். "நோ. வீ நெவர் அக்ரீட்."

மறுபக்கத்துக் குரல் நன்றி சொல்லிவிட்டுப் போனது. பாலேஸ்வரி அன்ரிதான் முதலில் வாயைத் திறந்தார். "இரும்பால அடிச்ச நெஞ்சு."

"அன்ரி," என்றாள் மிருணா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் தகப்பனைப் பார்த்துத்தான் பேசினாள். தமிழ் தடக்கியது, தடக்கத் தடக்கச் சொன்னாள்.

"அப்பா, நான் குதிரை கேட்கேல்ல. எனக்கு வெயிலில தலை சுத்தினது. நான் உங்களைக் கேட்டது, அந்த வருசம் ஸ்கூல் காம்ப்புக்குக் காசு. நீங்கள் பிஸி எண்டு சொன்னீங்கள். காம்ப்புக்கு நான் போனனான். ஹூ பெய்ட், அப்பா?"

எத்தனையோ வீட்டு இருட்டைக் கண்ட நித்தியானந்தன், அந்தச் சின்ன அறையில் வெளிச்சத்தைக் கண்டு கண்ணைத் தாழ்த்தினான். எழுந்து வாசல்வரை போனான். அங்கே நின்று, தணிந்த குரலில் கேட்டான்.

"கௌரி… என்ர லைசென்ஸுக்கு ஏதும் எழுதினியோ? கஜீவன் எழுதப் போறான் எண்டு ஆக்கள் கதைக்கினம்."

அவன் உண்மையில் பயந்தது அதற்குத்தான். கௌரிக்கு அது அப்போதுதான் விளங்கியது.

"எழுதேல்ல. எழுதவும் மாட்டன். லைசென்ஸ் எடுக்க என்ன பாடு எண்டு எனக்குத் தெரியும். உங்கட கையாலதான் இவளுக்குப் பங்கு வரவேணும். அந்தக் கையை நான் வெட்டுவனோ? ஆனா இனி சேர்ட்டிபிகட் குடுத்து வேலை செய்யுங்கோ. ஆரின்ரயும் வீட்டில நெருப்புப் பத்தினா பிறகு நானும் பாவி."

அவன் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் படியிறங்கினான். சச்சி அண்ணை கடைசியாக வெளியேறினார். வாசலில் சப்பாத்தைப் போட்டபடி, யாருக்கோ சொல்வதைப் போல, "அந்த நாளில உன்னை நேர கவுண்மேந்துக்குப் போ எண்டு நான் சொல்லியிருக்க வேணும்," என்றார்.

அவர்கள் போன பிறகு மிருணா தாயிடம் வந்தாள். யூனிபோம் சட்டையின் கொலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அதை இழுத்துச் சரிசெய்தாள். "யூ'ல் பி லேட், அம்மா," என்றாள். கௌரி படிக்கட்டில் இறங்கும்போதுதான் அழுதாள். இந்த முறை குழாயைத் திறந்துவிட வேண்டியிருக்கவில்லை.

ஜெட் ஸ்கீ விற்பனைக்கு வந்த படத்தை அந்த வாரமே டூங்கபி முழுதும் பார்த்தது. நித்தி அலுவலகத்துக்கு நேரே போய், ஒரு பெரும் பகுதியைக் கட்டி, மிச்சத்துக்கு ஒழுங்கு செய்தான். தடை எடுபட்டது. யாழ்ப்பாணத்தில் கலியாணம் தடையின்றி நடந்தது. மிருணா நேரலையை ஃபோனில் போட்டு, தேங்காய் திருவிக்கொண்டிருந்த தாயிடம் நீட்டினாள். திரையில் நித்தியானந்தன் வேட்டியோடு குந்தியிருந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போட்டார். மணவறையில் தங்கை அழுதுகொண்டே சிரித்தாள்.

"நல்லா இருக்கட்டும்," என்றாள் கௌரி. மனதாரத்தான் சொன்னாள். "கழுத்தை நிமிர்த்தி நிக்கிறார், பார். கடன்பட்டவன் மாதிரி இல்லை."

அதற்குப் பிறகு பிள்ளைச் செலவு சொன்ன திகதிக்கு வந்தது. மிருணாவுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடுதல் ஷிஃப்டைக் கௌரி விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்தின் அடுத்த தவணை தொடங்கிய முதல் கிழமை, பின்னேர ஓட்டத்தில் பஸ் நிறையப் பிள்ளைகள் ஏறினார்கள். தாய் ஓட்டும் பஸ் என்றால் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற மிருணா, அன்றைக்கு இரண்டு தோழிகளோடு முன்கதவால் ஏறினாள். கார்ட்டைத் தட்டினாள். தோழிகள் பக்கம் திரும்பி, தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"திஸ் இஸ் மை மம்."

வாயில் கம்பி மின்னியது. கௌரி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்; மகளைப் பார்த்தால் கண்ணீர் கண்ணை மறைத்துவிடும். ஓட்டுகிறவளுக்கு அது ஆகாது.

அடுத்த தரிப்பில் பாலேஸ்வரி அன்ரி ஏறினார். இந்த முறை கார்ட்டை முதலிலேயே தட்டினார். தட்டிவிட்டு நின்றார், நிற்காமல் அவரால் முடியாது.

"என்ன பிள்ளை, இண்டைக்கு எதை நிப்பாட்டப் போறாய்?"

"பெல் அடிச்சா நிப்பாட்டுவன் அன்ரி," என்றாள் சிவகௌரி. "இருங்கோ, எடுக்கப் போறன்."